நவம்பர் 9: ஜெர்மனியை விடாத தேதி

1990-ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மனிக்கு ஒரு தேசிய தினம் தேவைப்பட்டது. நாற்பத்தோரு ஆண்டுகள் இரண்டு அரசுகளாகக் கிடந்த நாடு ஒன்று சேரப்போகிறது. கொடியேற்றவும், விடுமுறை விடவும், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அச்சிடவும் ஒரு தேதி வேண்டும். இயல்பாகவே நவம்பர் 9 பேச்சில் வந்தது. முந்தைய ஆண்டு அந்த இரவில்தான் பெர்லின் சுவர் திறந்தது. எந்தத் தலைவரும் முன்னால் நிற்கவில்லை. மக்களே போய் நின்று திறக்கவைத்தார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஒரு தேசம் பெருமைப்பட இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்தத் தேதியைத் தொட முடியவில்லை. 1938-இல் அதே நவம்பர் 9 இரவில்தான் நாடெங்கும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. 1923-இல் அதே நாளில்தான் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முதல்முறை முயன்றார். 1918-இல் அதே நாளில்தான் மன்னராட்சி விழுந்தது. எரிந்த ஆலயங்களின் நினைவுநாளில் வாணவேடிக்கை எப்படி விடுவது? கடைசியில் அக்டோபர் 3 என்று முடிவானது. அது மக்களின் நினைவில் எந்தத் தடமும் இல்லாத நாள். வெளிநாடுகளோடு செய்ய வேண்டிய சம்பிரதாயங்கள் அதற்குமுன் முடிந்துவிடும், அக்டோபர் 7-இல் வரும் கிழக்கு ஜெர்மனியின் 41-ஆவது ஆண்டு நிறைவுக்கும் வேலை இருக்காது என்ற கணக்கில் தேர்ந்த தேதி அது.

நவம்பர் 9-ஐ ‘விதியின் நாள்’ என்று ஜெர்மனியில் சொல்கிறார்கள். எழுபத்தோரு ஆண்டுகளுக்குள் ஒரே தேதியில் நான்கு பெரிய திருப்பங்கள் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விதி என்று சொன்ன மறுகணமே, செய்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். இந்த நிகழ்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அடுத்த நவம்பர் 9-க்குப் பின்னால் முந்தைய நவம்பர் 9-ஐ மறக்காத மனிதர்கள் நிற்பது தெரிகிறது. சிலர் பழிவாங்க நினைவு வைத்திருந்தார்கள். ஒருவர், ஹிட்லரைக் கொல்வதற்காகவே அந்த நினைவைக் கவனித்து வைத்திருந்தார்.

தேதிக்குத் தானாக எந்தச் சக்தியும் இல்லை என்பதற்கு நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு சாட்சியே உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் கப்பலை நம் தாத்தா பாட்டிகள் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கப்பலின் ஆட்டம் முடிந்தது 1914 நவம்பர் 9. இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளுக்கு அருகே, ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ போர்க்கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மன் மாலுமிகள் இறந்தார்கள். ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை ஸ்வீடனின் அறிவியல் அகாடமி முடிவுசெய்ததும் 1922 நவம்பர் 9-இல்தான். இரண்டையும் ‘விதியின் நாள்’ பட்டியலில் யாரும் பெரிதாகச் சேர்ப்பதில்லை. அவற்றைத் தூக்கிப்பிடித்து அரசியல் செய்ய ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டியல் வழக்கமாக 1848-இல் தொடங்கும். அந்த ஆண்டு ஐரோப்பா முழுவதும் புரட்சிக் காற்று வீசியது. ராபர்ட் ப்ளூம் என்ற ஏழை வீட்டுப் பிள்ளை, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமல் எழுத்தாளராகி, பிராங்க்ஃபர்ட்டில் கூடிய முதல் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவும் ஆனவர். வியன்னாவின் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆதரவு சொல்லப் போன இடத்தில் பிடிபட்டார். நாடாளுமன்ற உறுப்பினரைக் கொல்ல அதிகாரமில்லை என்ற வாதத்தை ராணுவம் காதில் வாங்கவில்லை. நவம்பர் 9 காலையில் சுட்டுக்கொன்றார்கள். மறுநாள் அவருக்கு 41-ஆவது பிறந்தநாள்.

மதிய உணவுக்கு நடுவே ஒரு குடியரசு

1918-இன் நவம்பரில் முதல் உலகப்போர் தோற்றுவிட்டது என்பது ஜெர்மன் தளபதிகளுக்கு நன்றாகவே தெரியும். செப்டம்பர் இறுதியிலேயே, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை நெருக்கியவர் தளபதி லூடன்டோர்ஃப். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் இறுதியில், மானம் காக்க ஒரு கடைசிச் சண்டை என்று கடற்படைத் தலைமை கிளம்பியபோது மாலுமிகள் மறுத்துவிட்டார்கள். கீல் துறைமுகத்தில் மூண்ட கலகம் நகரம் நகரமாகப் பரவியது. நவம்பர் 9 காலையில் பெர்லின் தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியே வந்தார்கள்.

மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் அப்போது பெல்ஜியத்தின் ஸ்பா நகரில், ராணுவத் தலைமையகத்தில் இருந்தார். பதவி விலகுவதா வேண்டாமா என்று அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோதே, பிரதமர் பொறுப்பில் இருந்த இளவரசர் மாக்ஸ், மன்னர் விலகிவிட்டார் என்று நண்பகலில் தாமே அறிவித்தார். தன் பொறுப்பையும் சோஷியல் டெமாக்ரட் தலைவர் ஃப்ரெடரிக் ஏபர்ட்டிடம் கொடுத்துவிட்டார். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலிலிருந்து வந்தவர் ஏபர்ட்.

பிற்பகல் இரண்டு மணி வாக்கில் நாடாளுமன்றக் கட்டடத்தின் உணவுக்கூடத்தில் ஏபர்ட்டின் கட்சிக்காரர் ஃபிலிப் ஷைடமான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்தில் தீவிர இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவிக்கப் போகிறார் என்று தகவல் வந்தது. ஷைடமான் எழுந்து போய், வெளியே திரண்டிருந்த கூட்டத்திடம் முடியாட்சி சரிந்தது, ஜெர்மன் குடியரசு வாழ்க என்று முழங்கினார். அதை முடிவுசெய்ய நீ யார் என்று ஏபர்ட் கோபத்தில் மேசையைக் குத்தியதாக ஷைடமானே பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் லீப்னெக்ட்டும் அரண்மனை முன்பு தன் குடியரசை அறிவித்தார். ஆக, ஒரே நாளில் இரண்டு குடியரசுகள். மன்னர் மறுநாள் ஹாலந்துக்குப் போனவர் திரும்பவே இல்லை.

இந்த நாளின் நற்செய்தியை ஜெர்மனியே நெடுங்காலம் மறந்திருந்தது என்பது எனக்கு வருத்தம். அடுத்த மூன்று நாளில் பெண்களுக்கு வாக்குரிமை அறிவிக்கப்பட்டது. 1919 ஜனவரித் தேர்தலில் 37 பெண்கள் தேசிய சபைக்குப் போனார்கள். ஆனால் மக்கள் காதில் ஓதப்பட்டது வேறு கதை. போர்க்களத்தில் ராணுவம் தோற்கவில்லை, உள்ளூர் அரசியல்வாதிகளும் யூதர்களும் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யை, போர்நிறுத்தம் கேட்டுக் கெஞ்சிய அதே லூடன்டோர்ஃபும் அவருடைய சகாக்களும் பரப்பினார்கள். போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் 1921-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். குடியரசை உருவாக்கியவர்களுக்கு ‘நவம்பர் குற்றவாளிகள்’ என்று பெயர் வைத்தாயிற்று. தேதி ஆயுதமானது இங்கேதான்.

பீர் அரங்கத்திலிருந்து

சரியாக ஐந்தாண்டு கழித்து, 1923 நவம்பர் 8 இரவு. பெர்லினில் ஒரு ரொட்டி சுமார் 20,000 கோடி மார்க் விற்ற காலம். மூனிக் நகரின் பியூர்கர்பிராய் பீர் அரங்கத்தில் பவேரிய ஆட்சித் தலைவர் கார் என்பவர் பேசிக்கொண்டிருந்தார். ஹிட்லர் ஆட்களோடு உள்ளே புகுந்து, கூரையை நோக்கிச் சுட்டு, நவம்பர் குற்றவாளிகளின் அரசு கவிழ்ந்தது என்று அறிவித்தார். மறுநாள், 9-ஆம் தேதி நண்பகலில் சுமார் 2,000 பேர் நகரின் மையத்துக்கு ஊர்வலம் போனார்கள். முன்வரிசையில் ஹிட்லரோடு நடந்தவர் லூடன்டோர்ஃப். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபத்தருகே பவேரியக் காவல்துறை வழிமறித்தது. துப்பாக்கிச் சூட்டில் காவலர்கள் நால்வர் இறந்தார்கள். தங்கள் தரப்பில் 16 பேர் என்று நாஜிகள் எண்ணிக்கொண்டார்கள். அந்த 16-இல், வழியில் நின்ற உணவக ஊழியர் ஒருவரும் அடக்கம். தோள் மூட்டு பிசகிய ஹிட்லர் தப்பியோடி, இரண்டு நாளில் பிடிபட்டார்.

நான்கு காவலர்களின் சாவுக்குக் காரணமான தேசத்துரோகக் குற்றத்துக்குக் கிடைத்தது ஐந்தாண்டுத் தண்டனை. 1924 டிசம்பரிலேயே வெளியே வந்துவிட்டார். லூடன்டோர்ஃப் விடுதலை. அந்த நீதிபதிகள் மட்டும் கடமையைச் செய்திருந்தால் என்று நினைக்காமல் இந்தப் பக்கத்தைத் தாண்ட முடிவதில்லை.

ஆட்சிக்கு வந்ததும் ஹிட்லர் அந்தத் தோல்வியைப் புனித நாளாக்கினார். ஆண்டுதோறும் 8-ஆம் தேதி இரவு அதே பீர் அரங்கத்தில் பழைய தொண்டர்களிடம் பேச்சு. 9-ஆம் தேதி அதே பாதையில் ஊர்வலம். 1923-இல் இறந்த 16 பேரின் உடல்களை 1935-இல் தோண்டி எடுத்து, கோனிக்ஸ்ப்ளாட்ஸ் சதுக்கத்தில் கட்டிய இரண்டு மண்டபங்களில் வைத்தார்கள். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலேயின் பக்கவாட்டில் நினைவுச் சின்னம் வைத்து, அந்த வழியே போகிறவர் எல்லோரும் கையுயர்த்தி நாஜி வணக்கம் செலுத்த வேண்டும் என்றார்கள். அதைச் செய்ய மனமில்லாத மூனிக்வாசிகள், பின்னால் இருந்த விஸ்கார்டி சந்தில் நுழைந்து சுற்றிக்கொண்டு போனார்கள். இன்று அந்தச் சந்தின் கல்தரையில், அவர்கள் நடந்த தடத்தைக் காட்ட வெண்கலக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பெரிய வீரச் செயல் ஒன்றுமில்லை, ஒரு சந்து வழியே திரும்பியதுதான். ஆனாலும் அந்தக் காலத்தில் அதற்கும் துணிச்சல் வேண்டியிருந்தது.

தொலைபேசியை எடுத்த கைகள்

1938 அக்டோபர் இறுதியில் ஜெர்மனியில் வாழ்ந்த போலந்து யூதர்கள் சுமார் 17,000 பேரை நாஜி அரசு ஒரே வீச்சில் எல்லைக்குத் துரத்தியது. போலந்தும் பலரை உள்ளே விடவில்லை. குளிரில், எல்லையில் கிடந்தவர்களில் ஹானோவரின் க்ரின்ஷ்பான் குடும்பமும் ஒன்று. அவர்களின் பதினேழு வயது மகன் ஹெர்ஷல் பாரிஸில் இருந்தான். செய்தி தெரிந்து, நவம்பர் 7-இல் அங்கிருந்த ஜெர்மன் தூதரகத்துக்குப் போய், எர்ன்ஸ்ட் ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். அவர் உயிர் பிரிந்தது நவம்பர் 9 மாலை.

அந்த மாலையில் நாஜிக் கட்சியின் பெருந்தலைகளும் மாவட்டத் தலைவர்களும் எங்கே இருந்தார்கள்? 1923-இன் நினைவுநாள் விருந்துக்காக மூனிக்கின் பழைய நகர மண்டபத்தில், ஒரே கூரையின் கீழ், மது அருந்தியபடி இருந்தார்கள். ஹெஸ்ஸன் பகுதியில் 7, 8 தேதிகளிலேயே தாக்குதல்கள் நடந்தன என்றாலும், நாடு முழுவதும் ஒரே இரவில் தீ பரவியதற்கு அந்த விருந்துதான் வழி செய்தது. சாவுச் செய்தி வந்தது. ஹிட்லர் பிரசார அமைச்சர் கோயபல்ஸிடம் ஏதோ தணிந்த குரலில் பேசிவிட்டு, கூட்டத்தில் பேசாமலே கிளம்பிவிட்டார். பத்து மணி வாக்கில் கோயபல்ஸ் எழுந்து பேசினார். பேச்சு முடிந்ததும் தலைவர்கள் தொலைபேசிகளுக்கு ஓடி, தத்தம் ஊருக்கு உத்தரவு சொன்னார்கள். வழக்கமாக ஊர் ஊராகச் சிதறியிருப்பவர்கள், அன்று ஒரு நினைவுநாளுக்காகத் திரண்டிருந்தார்கள். இதைத்தான் விதி இல்லை என்கிறேன்.

இரவு 1.20-க்குப் பாதுகாப்புக் காவல் தலைவர் ஹைட்ரிக் எல்லாக் காவல் அலுவலகங்களுக்கும் அனுப்பிய தந்தி, ஓர் அரசு எழுதிய மிகக் கேவலமான ஆவணங்களில் ஒன்று. பக்கத்துக் கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்றால் ஜெப ஆலயங்கள் எரியலாம். கடைகளை உடைக்கலாம், கொள்ளையடிக்கக் கூடாது. உடல்நலமுள்ள யூத ஆண்களை, குறிப்பாகப் பணம் உள்ளவர்களைப் பிடிக்க வேண்டும். தீயணைப்பு வண்டிகள் வந்து நின்று, அடுத்த வீட்டுச் சுவரில் தண்ணீர் அடித்தன. 1,400-க்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்களும் தொழுகை இடங்களும் அழிந்தன. சுமார் 7,500 கடைகள் நொறுங்கின. நாஜிகளே ஒத்துக்கொண்ட சாவு 91. அடிபட்டும் முகாம்களிலும் தற்கொலையிலும் போனவர்களைச் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் வரும். சுமார் 30,000 ஆண்கள் டாக்காவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு, சேதத்துக்கு யூதர்களே பொறுப்பு என்று 100 கோடி மார்க் அபராதம் விதித்து, அவர்களுக்கு வர வேண்டிய காப்பீட்டுத் தொகையையும் அரசே எடுத்துக்கொண்டது.

அதே இரவில் பெர்லின் ஓரானியன்பர்க் தெருவின் பெரிய ஜெப ஆலயத்திலும் தீ வைத்தார்கள். அந்த வட்டாரத்தின் காவல் அதிகாரி வில்ஹெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட், இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்று சொல்லிக் கும்பலை விரட்டவும் தீயை அணைக்கவும் ஏற்பாடு செய்தார். கட்டடம் அன்று பிழைத்தது. அவரும் பிழைத்தார். சட்டத்தை எடுத்துக் காட்டி மறுக்க ஒரு காவல் அதிகாரியால் முடிந்தது என்றால், மற்ற ஊர்களில் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு. நவம்பர் 8-இல் ஹிட்லர் எங்கே நிற்பார் என்பது ஊரே அறிந்தது. கோனிக்ஸ்ப்ரான் ஊரைச் சேர்ந்த கியோர்க் எல்சர் என்ற தச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். கட்சி இல்லை, கூட்டாளி இல்லை. பீர் அரங்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, தானே செய்த கடிகார வெடிகுண்டை வைத்தார். 1939 நவம்பர் 8, இரவு 9.20-க்கு அது வெடித்தது. பனிமூட்டத்தால் விமானம் கிளம்பாது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஹிட்லர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு 13 நிமிடங்களுக்கு முன்புதான் போயிருந்தார். எட்டுப் பேர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து எல்லையில் பிடிபட்ட எல்சரை, போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது டாக்காவ் முகாமில் சுட்டுக்கொன்றார்கள். ஹிட்லரை எதிர்த்த கர்னல்களுக்கும் பிரபுக்களுக்கும் நினைவுச் சின்னம் வைத்த தேசம், இந்தத் தச்சரைக் கண்டுகொள்ளப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.

ஒரு துண்டுத்தாளும் ஒரு வாயிற்கதவும்

1989 நவம்பர் 9-க்கு மட்டும் முந்தைய எந்த நவம்பர் 9-உம் காரணமில்லை. அரசின் திட்டப்படி நடந்திருந்தால் அது நவம்பர் 10 ஆகியிருக்கும்.

மே மாதத்திலிருந்தே கிழக்கு ஜெர்மனியின் அடித்தளம் ஆடிக்கொண்டிருந்தது. ஹங்கேரி எல்லையைத் திறந்ததும் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியே மேற்கே போனார்கள். அக்டோபர் 9-இல் லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனபோது, ராணுவம் சுடும் என்று அஞ்சி, மருத்துவமனைகளில் ரத்தம் சேர்த்து வைத்திருந்தார்கள் என்ற பேச்சு ஊரில் இருந்தது. சுடவில்லை. அன்றைக்கே சுவர் பாதி விழுந்துவிட்டது என்பேன்.

நவம்பர் 9 காலையில் நான்கு அதிகாரிகள் உட்கார்ந்து புதிய பயண விதியை எழுதினார்கள். விண்ணப்பித்தால் யாருக்கும் அனுமதி. செய்தி வெளியிட வேண்டிய நேரம் மறுநாள் அதிகாலை 4 மணி. கட்சித் தலைவர் எகோன் கிரென்ஸ் அந்தத் தாளைப் பத்திரிகையாளர் சந்திப்புக்குக் கிளம்பிய கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கியின் கையில் கொடுத்தார். அவர் சரியாகப் படிக்காமலே போனார். நேரலையில், ஏழு மணிக்குச் சற்று முன்பு, பயணம் பற்றிய கேள்வி வந்தது. தாளைத் தேடி எடுத்துப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாள்களைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமில்லாமல் என்றார்.

தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போர்ன்ஹோல்மர் தெருப் பாலத்துச் சாவடியில் பணியில் இருந்தவர் ஹரால்ட் யேகர், ரகசியக் காவல் துறையின் லெப்டினன்ட் கர்னல். திரும்பத் திரும்ப மேலதிகாரிகளுக்குத் தொலைபேசினார். உருப்படியான பதில் இல்லை. நிலவரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரிகிறதா, இல்லை பயப்படுகிறாரா என்று மறுமுனையில் யாரோ தன்னைப் பற்றிக் கேட்டது அவர் காதில் விழுந்தது. முதலில், அதிகம் சத்தம் போடுபவர்களை மட்டும் விட்டுவிடு, அவர்களின் கடவுச்சீட்டில் புகைப்படத்தின் மேல் முத்திரை குத்திவிடு என்று உத்தரவு. அப்படிக் குத்தினால் திரும்பி வர முடியாது. இது தெரியாமல், மேற்கை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் தூங்கும் பிள்ளைகளிடம் திரும்பிய ஓர் இளம் தம்பதியைத் தடுத்தபோதுதான் யேகருக்கு எல்லாம் வெறுத்துப்போனது. அவர்களை உள்ளே விட்டார். இரவு 11.30 வாக்கில், யாருடைய உத்தரவும் இல்லாமல், தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

28 ஆண்டுகளில் அந்தச் சுவரில் குறைந்தது 140 பேர் செத்திருக்கிறார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்கூட க்ரிஸ் கெஃப்ராய் என்ற இருபது வயது இளைஞனைச் சுட்டார்கள். யேகர் அன்று உத்தரவுக்காகக் காத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே நடுக்கமாக இருக்கிறது.

தேதியை ஆயுதமாக்கும் பழக்கம் ஹிட்லரோடு முடிந்துவிடவில்லை. 1969 நவம்பர் 9-இல், 1938-இன் நினைவுக்கூட்டம் நடந்த மேற்கு பெர்லின் யூத சமூக மண்டபத்தில் ஒரு தீவிர இடதுசாரிக் குழு வெடிகுண்டு வைத்தது. நல்லவேளை, அது வெடிக்கவில்லை. 2003-இல் மூனிக்கில் புதிய ஜெப ஆலயத்துக்கு அடிக்கல் நாட்ட யூத சமூகம் தேர்ந்த நாளும் நவம்பர் 9. அதைக் குறிவைத்துத் திட்டமிட்ட புதிய நாஜிக் கும்பல், அதற்கு இரண்டு மாதம் முன்பே சிக்கியது. அடிக்கல் அதே நாளில் நாட்டப்பட்டது. நாட்டின் குடியரசுத் தலைவர் யோஹன்னஸ் ராவ் வந்திருந்தார்.

மூனிக் யூத சமூகத்தின் தலைவி ஷார்லோட்டே க்னோப்ளோக்குக்கு 1938-இல் ஆறு வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆலயம் எரியும் தெருக்களின் வழியே அந்த இரவில் நடந்தவர். பாட்டியை முகாமில் இழந்தவர். ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம் தங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி ஒளித்து வைத்ததால் உயிர் பிழைத்தவர். புதிய ஆலயத்துக்கு, அன்றிரவு எரிந்தவற்றில் ஒன்றின் பெயரான ‘ஓஹெல் யாக்கோப்’ என்பதையே வைத்தார்கள். ஆலயத்துக்கும் சமூக மையத்துக்கும் இடையே நிலத்தடி வழி ஒன்று அமைத்து, கொல்லப்பட்ட மூனிக் யூதர்கள் 4,500-க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அதில் பொறித்தார்கள். திறப்பு விழா 2006 நவம்பர் 9. தோரா சுருள்களைக் கையில் ஏந்தி, ஹிட்லரின் ஊர்வலம் போன அதே நகரத்தின் தெருக்களில் பாட்டோடும் ஆட்டத்தோடும் அவர்கள் ஊர்வலம் போனார்கள்.